இரண்டு இலக்கம்

என் பட்டியலில் அவள் வீடு முப்பத்தி நான்கு.
சாக்கட்டியால் எண் போடச் சுவரில் இடம் தேடினேன்.
முன்னமே மூன்று எண்கள்:
சொட்டு மருந்துக்காரர்கள் போட்டது,
வாக்காளர் பட்டியலுக்கு ஒன்று,
எதற்கென்று யாருக்கும் தெரியாமல் பச்சைப் பெயின்டில் ஒன்று.

"இன்னாத்துக்குமா இது? வீடு குடுப்பாங்களா?"
இல்லைங்க, உடல்நலக் கணக்கெடுப்பு.
"அப்ப சீக்கிரம் கேளு. தண்ணி லாரி வந்துரும்."

ஒப்புதல் பத்தியை வாசித்தேன்.
நீங்கள் விரும்பினால் எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்.
அந்த வரிக்கு மட்டும் சிரித்தாள்.

பெயர் பவுனம்மா.
வயது?
"அறுபதுன்னா குடோன்ல சேக்க மாட்டான்.
அம்பத்திரெண்டு போட்டுக்க."
போட்டுக்கொண்டேன்.
கூரை, சிமெண்ட் ஷீட்.
கழிப்பறை, பொது. ஏழு குடும்பம்.
"எட்டு. மாடில புதுசா வந்துக்கிறாங்க."
சமையல் எரிபொருள், கேஸ் என்றாள்.
சிலிண்டர் மூலையில் நின்றது,
துணி விரித்து, மேலே அங்காளம்மன் படத்தோடு.
வாசலில் பேக்கிங் பெட்டிப் பலகை புகைந்துகொண்டிருந்தது.

கடந்த இரண்டு வாரத்தில்
வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?
"எந்த இருமலு?"
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் வருவது ஒன்று,
குப்பைமேடு பற்றிக்கொண்டால் ஒன்று,
மிளகாய் மூட்டை இறக்குகிற நாளில் மட்டும் ஒன்று.
மூன்றுக்கும் ஒரே கட்டம்.
ஆம்.

கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்றி அறுபத்தெட்டு, நூற்றி நான்கு.
மாத்திரை சாப்பிடுறீங்களா?
"ஒருநாள் வுட்டு ஒருநாள்.
முப்பது நாளைக்குக் குடுப்பாங்க.
வாங்கப் போற அன்னிக்குக் கூலி கிடையாது.
அதான் முப்பத அறுபதாக்கிக்கினேன்."
மருந்து உட்கொள்கிறார்: ஆம்.
கருவி தானாகவே நான்கு கேள்விகளைத் தாண்டிப் போனது.

நாற்பத்தொன்று.
அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எத்தனை நிமிடம்?
"கேட்டு தொறந்திருந்தா பத்து."
பத்து என்று அடித்தேன்.
"மூடியிருந்தா?"
அவளே கேட்டாள்.
சராசரியாகச் சொல்லுங்க, என்றேன்.
பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

குடத்தின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.
"எம்மவன் டில்லிக்கு வீசிங்கு.
ஆட்டோல மடியில போட்டுக்கினு போறேன், கேட்டு மூடிட்டான்.
கூட்ஸு.
எண்ணினேன். அம்பத்தெட்டு பொட்டி.
அப்பாடான்னு பாத்தா, தூக்கல.
அந்தாண்டலேந்து இன்னொன்னு.
அதுல நாப்பத்திமூணு.
எண்ணாம வேற இன்னாமா பண்றது?"

பத்தை அழித்தேன்.
என்ன நினைத்தேனோ,
ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று அடித்துப் பார்த்தேன்.
மூன்றாம் இலக்கத்தை அது ஏற்கவில்லை.
சரியான மதிப்பை உள்ளிடவும்.

லாரியின் ஹாரன்.
இரண்டு குடத்தோடு ஓடினாள்,
செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றது.
மீதி பதினெட்டு கேள்வியோடு காத்திருந்தேன்.
சந்து முனையில் சண்டைச் சத்தம் கேட்டது,
அதில் அவள் குரலும் இருந்தது.
பலகை அணைந்துவிட்டது.
பகுதி நிறைவு என்று குறித்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் மேற்பார்வையாளரின் செய்தி:
34-இல் வினா 41 காலி. தோராயமாக 10 போட்டு அனுப்பவும்.

அதைப் படித்தபோது கேட்டில் நின்றிருந்தேன்.
மூடியிருந்தது.
ஸ்கூட்டி என்ஜினை அணைத்தேன்.
நிலக்கரித் தூசு கண்ணில் விழ
பெட்டிகள் ஒவ்வொன்றாய்த் தடதடத்துப் போயின.
இருபத்தியாறு. இருபத்தியேழு.
பக்கத்தில் பால்வண்டிக்காரர், அதற்கப்பால் ஒரு ஆட்டோ,
சைக்கிளில் பள்ளிக்கூடப் பையன்.
யாரும் யாரோடும் பேசவில்லை.
பையனின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
என்னைவிட இரண்டு கூடுதலாக வைத்திருந்தான்.